மறைப்பதற்குரிய நோயன்று

நெய்பவரும் பயிரிடுபவரும் நாட்கணக்கோடு வாழ்பவர்கள். பாவு பிணைத்த நாள், துணி அறுத்த நாள், கூலி கைக்கு வரும் நாள் ஆகியவை நெசவாளர் வீட்டில் சிறுவர்க்குங்கூடத் தெரியும். நாற்று விட்ட நாளும், நட்ட நாளும், கரும்பு வெட்டும் நாளும் விவசாயியின் விரல் நுனியில் இருக்கும். கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர், மாடு சினைக்குக் கத்திய நாளைக் குறித்து வைக்கிறார். 21 நாள் கணக்கில் பிசகு தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிச் செல்கிறார். இதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக எவரும் கருதுவதில்லை. ஆனால் அதே வீட்டில், வயது வந்த பெண்ணுக்கு 4 மாதமாக விலக்கு வரவில்லை என்பது தாய்க்கு மட்டுமே தெரிந்திருக்கும். சில வீடுகளில் தாய்க்கும் தெரிந்திராது. மாட்டுக்குச் செலுத்தும் சிரத்தையை மகளுக்குச் செலுத்தத் தயங்கும் இம்மனநிலையைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

மருத்துவமனைச் சீட்டுகளில் பி.சி.ஓ.எஸ். என்று எழுதப்படுவதும், பேச்சு வழக்கில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லப்படுவதுமான ஒரு கோளாறு உண்டு. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூவர் வரை இதற்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு இது இருப்பதையே அறியாதவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நமது நாட்டில் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களிடையே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று. கண்டிப்பான அளவுகோலின்படி நூற்றுக்கு 7.2 பேருக்கும், விரிந்த அளவுகோலின்படி நூற்றுக்கு 19.6 பேருக்கும் இக்கோளாறு இருப்பதாக அவ்வாய்வு கண்டது. அவ்வயதுப் பெண்கள் 200 பேர் உள்ள ஒரு சங்கத்தில், குறைந்த கணக்கின்படியே 14 பேர் இதனோடு வாழ்கிறார்கள் என்பது இதன் பொருள். அவர்கள் யாரென்று சங்கத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கே தெரியாமல் இருப்பது தகாது.

இது புதுமோகத்தால் வந்த நோயென்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. சிகாகோ நகர மருத்துவர்களாகிய ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இருவர் 7 பெண்களைப் பரிசோதித்து இக்கோளாற்றை விவரித்தது 1935ஆம் ஆண்டில். நமது நெசவாளர்களின் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அதே ஆண்டில்தான். ஆகவே மருத்துவ உலகம் இதனை அறிந்து ஒரு தலைமுறைக்கு மேலன்று, மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. நம் வீடுகளுக்குள்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பெயரும் குழப்பத்துக்குக் காரணமாயிருக்கிறது. ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் அறுத்தெடுக்க வேண்டிய ஒன்றென்றும், புற்றாக மாறுமென்றும் பெண்கள் அஞ்சுகின்றனர். உண்மையில் அவை கட்டிகளே அல்ல. சினைப்பையில் மாதந்தோறும் சில முட்டைப் பைகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முற்றி முட்டையை வெளிவிடுவது இயற்கை. இக்கோளாற்றில் பல பைகள் வளரத் தொடங்கி, ஒன்றும் முற்றாமல் பாதியில் நின்றுவிடுகின்றன. நெருக்கி நட்ட பயிர் பச்சையாய் நின்றும் கதிர் முற்றாதது போன்ற நிலை இது. அப்பைகளே ஸ்கேனில் மணிகோத்தாற்போல் தெரிகின்றன. இப்பெயர் தவறான எண்ணம் தருகிறது, மாற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு 2012ஆம் ஆண்டிலேயே கூறியது.

பைகள் முற்றாமற் போவதேன்? பெண்ணுடலில் சிறிதளவு மட்டும் இருக்க வேண்டிய ஆண் தன்மைச் சுரப்புகள் மிகுவது ஒரு காரணம். உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காமையால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, அது சினைப்பையைத் தூண்டி அச்சுரப்பை மேலும் பெருக்குவது இன்னொரு காரணம். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் பெண்ணுக்கும் வர இடமுண்டு. ஆதலால் இது எவருடைய நடத்தையின் பயனுமன்று. ‘வாயைக் கட்டவில்லை’ என்று பெண்ணைக் குறை கூறுவது நியாயமுமன்று. மெலிந்த பெண்களுக்கும் இக்கோளாறு வருகிறது.

அறிகுறிகளைக் காணத் தனித் திறமை வேண்டியதில்லை, நாட்கணக்குப் போதும். பூப்பெய்திய முதல் ஆண்டில் விலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. அதன்பின் மூன்றாண்டு நிறையும்வரை 45 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும், மூன்றாண்டு கடந்தபின் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும், ஓராண்டில் 8 முறைக்கும் குறைவாக வருவதும், 21 நாளுக்குள் மீண்டும் மீண்டும் வருவதும் கவனிக்க வேண்டியவை. பூப்பெய்தி ஓராண்டு சென்றபின் எப்போதேனும் ஒருமுறை 90 நாள் கடந்துவிட்டாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும். இவற்றுடன் மேலுதட்டிலும் மோவாயிலும் மார்பிலும் முரட்டு மயிர் முளைத்தல், நீங்காத முகப்பரு, தலையுச்சியில் முடி மெலிதல், கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்தல் ஆகியவையும் சேர்ந்திருக்கலாம். கழுத்துக் கருமையை அழுக்கென்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்க்கும் வழக்கம் உண்டு. தேய்த்துப் பயனில்லை, அது பெரும்பாலும் இன்சுலின் கோளாற்றின் அடையாளம்.

இவற்றுள் ஒன்றிரண்டு இருந்த மாத்திரத்தில் நோய் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தைராய்டுக் கோளாறும் வேறு சில சுரப்பிக் கோளாறுகளும் இதே வேடத்தில் வரும். இரத்தப் பரிசோதனையால் அவற்றை விலக்கிய பின்னரே மருத்துவர் இதனை உறுதி செய்வார். விலக்குப் பிசகு, ஆண் தன்மைச் சுரப்பின் மிகுதி, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டுமென்பது 2003 முதல் வழங்கிவரும் விதி. வளரிளம் பெண்களுக்கோ முதலிரண்டும் இருந்தாக வேண்டும். அவர்களுக்கு இதற்கென ஸ்கேன் எடுக்க வேண்டாமென்று 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அவ்வயதில் நலமாயுள்ள சினைப்பையும் அவ்வாறே தோன்றக்கூடும் என்பதே காரணம்.

இத்தனை தெளிவாக அறியக்கூடிய ஒன்று ஏன் அறியப்படாமல் கிடக்கிறது? ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஒரு வாக்கியமே இதற்குத் தலையாய காரணமென்று நாம் கருதுகிறோம். அது ஆறுதல் போல் தோன்றும். ஆனால் அது மருத்துவத்தைத் தள்ளிப்போடும் சூழ்ச்சி. பெண் பார்க்க வருவோருக்குத் தெரிந்துவிடுமோ என்று மறைத்து, மணம் முடித்து, ஓராண்டு கழித்துப் பிள்ளையில்லை என்ற பேச்சு எழும்போது, அதுவரை பேசாதிருந்தவர்கள் எல்லோரும் அவளைக் கேள்வி கேட்கத் தொடங்குகின்றனர். திருமணம் சினைப்பைக்கு மருந்தன்று. அதேபோல, இக்கோளாறு மலட்டுத்தன்மையுமன்று. இதனையுடைய பெண்களில் பெரும்பாலோர் தாமாகவோ மருந்தின் துணைகொண்டோ பிள்ளை பெறுகின்றனர். முட்டை வெளிவரச் செய்ய லெட்ரோசோல் என்ற மாத்திரையே இன்று முதலில் கொடுக்கப்படுகிறது.

பிள்ளையின்மைக்குப் பெண்ணை மட்டும் பொறுப்பாக்கும் வழக்கம் நமது ஊருக்கு அடாதது. தேவகன்னியரும் காமதேனுவும் வெள்ளானையும் வழிபட்ட தலமாதலின் பெண், ஆ, கடம் என்ற மூன்றும் சேர்ந்து பெண்ணாகடமாயிற்று என்று தலபுராணம் சொல்லும். ஊர்ப் பெயரிலேயே பெண் முதலில் நிற்கிறாள். மெய்கண்டாரின் தந்தையார் அச்சுதகளப்பாளர் இவ்வூரினர். பிள்ளையில்லாக் குறையை அவர் தம் குருவிடம் தாமே எடுத்துரைத்தார் என்றும், மனைவியுடன் திருவெண்காடு சென்று முக்குளத்தில் நீராடி வழிபட்டார் என்றும் சைவ மரபு கூறுகிறது. அவ்வரலாற்றில் மனைவியைப் பழித்தவரும் இல்லை, மறுமணம் பேசியவரும் இல்லை. குறை இருவருக்கும் பொது என்று கொண்டு இருவரும் சேர்ந்து புறப்பட்டனர். இன்று மருத்துவமனைக்குப் புறப்படுவோருக்கும் அதுவே முறை. கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மகப்பேற்றைப் பற்றியே பேசுவதால், அதனினும் பெரிய ஆபத்து மறந்து போகிறது. இக்கோளாறு உடையவர்களுக்கு இளவயதிலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் விலக்கு வராதிருந்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, பிற்காலத்தில் அங்கே புற்று தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. மனச்சோர்வும் கவலையும் இவர்களிடம் மிகுதி. ஆதலின் மணமாகாதவர், பிள்ளை பெற்று முடித்தவர், பிள்ளை வேண்டாதவர் ஆகிய அனைவருக்கும் இது கவனிக்கத்தக்கதே.

வேரோடு நீக்கும் மருந்து இதற்கு இல்லை. அடக்கி வைத்து நலமாய் வாழ வழியுண்டு. முதலாவது உடலுழைப்பு. தார் சுற்றும் பெண்களும், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண்களும் நாள் முழுதும் உழைக்கிறார்கள். ஆயினும் உட்கார்ந்தே உழைக்கிறார்கள். கை ஓய்வதில்லை, கால் அசைவதில்லை. நாளுக்கு அரை மணி விரைந்து நடப்பது, வாரத்தில் 5 நாள் என்று வைத்துக்கொண்டால், போதிய தொடக்கம். இரண்டாவது உணவு. இந்நோய்க்கென்று தனி உணவு எதுவும் இல்லை. வெள்ளைச் சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பும் பயறும் கீரையும் காய்கறியும் கூட்டி, கம்பும் கேழ்வரகும் இடையிடையே சேர்த்து, சர்க்கரையிட்ட தேநீரையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் சுருக்கினால் போதும். எடை மிகுந்தவர்கள் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே, 70 கிலோ இருப்பவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே, பலருக்கு விலக்கு சீர்ப்படுவதுண்டு. பட்டினி கிடப்பது தீங்கு.

மூன்றாவது மருந்து. விலக்கை ஒழுங்குபடுத்த மருத்துவர் சில சமயம் கருத்தடை மாத்திரையை எழுதிக் கொடுப்பார். ‘மணமாகாத பெண்ணுக்கு இதுவா?’ என்று தாய்மார் திடுக்கிட்டு அதனைத் தூர எறிவதுண்டு. அம்மாத்திரை கருப்பையின் உட்சவ்வைக் காக்கிறது. ஆண் தன்மைச் சுரப்பைத் தணிக்கிறது. நிறுத்தியபின் பிள்ளைப்பேற்றைத் தடுப்பதில்லை. ஆனால் இரத்தக் கொதிப்போ, இரத்தம் உறையும் நோயோ, கடும் ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்களுக்கு அது ஆகாது. எனவே கடையில் தாமாக வாங்கி விழுங்கலாகாது. இன்சுலின் கோளாற்றுக்கு மெட்ஃபார்மின் தரப்படும். முரட்டு மயிர் மருந்தால் குறைய 6 மாதமேனும் ஆகும். அதுவரை அதனை நீக்கிக்கொள்வதில் குற்றமில்லை.

‘கட்டியைக் கரைக்கும்’ பொடிகளும் சூரணங்களும் கைப்பேசியில் நாள்தோறும் விளம்பரமாகின்றன. கட்டியே இல்லாதபோது கரைப்பது எதனை? அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யக்கூடிய பரிசோதனையைச் செய்யாமல், பிள்ளைப்பேற்றுக்கென்று நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் பெருந்தொகை செலவழித்த குடும்பங்கள் கடனில் ஆழ்வதைக் காண்கிறோம். கந்து வட்டியிலிருந்து மீளவே கூட்டுறவு பிறந்தது. அறியாமையால் வரும் கடனைத் தடுப்பதும் அதன் கடமைக்குள் அடங்கும்.

எனவே சங்கங்களுக்குச் சில யோசனைகளைச் சொல்கிறோம். பாஸ் புத்தகத்தோடு பெண் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் நாள் குறிக்கும் சிறு அட்டை ஒன்றை அச்சிட்டுத் தரலாம். அதில் மேலே கண்ட 21, 35, 45, 90 என்ற எண்களின் விளக்கமும் இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை பெண் மருத்துவரையோ கிராம சுகாதார செவிலியரையோ அழைத்து, பெண்களுக்கென்று தனிக் கூட்டம் நடத்தி, எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் செய்யலாம். மருத்துவமனை செல்லும் நாளில் துணி ஒப்படைக்கத் தாமதமானால் பிடித்தம் செய்யலாகாது என்று தீர்மானிக்கலாம். ஆண் அங்கத்தினருக்கும் ஒருமுறை இதனை விளக்க வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு பல வீடுகளில் அவர்கள் கையில் இருக்கிறது.

அரசின் வழிகளும் உள்ளன. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கு வரும்போது விலக்குப் பிசகைப் பற்றியும் கேட்பார்கள். பெண் குழந்தைகள் கூசாமல் சொல்ல வீட்டிலேயே தைரியம் ஊட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர் வாசலுக்கு வரும்போது, முதியவர்களுக்கு மட்டுமன்றி இக்கோளாறுள்ள இளம் பெண்களுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு வழி கேட்கலாம்.

சங்கக் கூட்டத்தில் பேசும் பேச்சா இது என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் தயக்கத்தை மதிக்கிறோம். எந்தப் பெண்ணின் உடல்நிலையையும் கூட்டத்தில் வைக்கச் சொல்லவில்லை. அறிவைப் பொதுவாக்கி, அவரவர் விஷயத்தை அவரவர் இரகசியமாக வைத்துக்கொள்ளவே சொல்கிறோம். மகளின் நாட்கணக்கு தவறினால் அவளைக் கடிந்துகொள்ளாமல், அட்டையை எடுத்துக்கொண்டு அவளுடன் மருத்துவமனைக்குப் புறப்படும் தாயும் தந்தையும் நம் சங்கத்தின் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் அட்டை அச்சிடும் தீர்மானத்தை அங்கத்தினர் எவரேனும் கொண்டுவருவாராக.