டவுன்லோடு வேறு, வருமானம் வேறு



செல்போன் கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனியில் பங்கு வாங்கலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் நம் வாழவந்தி நாட்டுக்காரர், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். அவர் மகனும் நண்பர்களுமாக நான்கு பேர் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். ஒரு லட்சம் பேர் டவுன்லோடு செய்திருக்கிறார்களாம். மிளகு விற்ற காசு போதாமல் மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா என்பது அவர் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வைக்காதீர்கள். பையன்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்குதான் இடிக்கிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு லட்சம் பேர் இறக்கினார்கள். ஒரு மாதம் கழித்தும் விளையாடுகிறவர்கள் ஐயாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் போனிலேயே எத்தனை அழித்திருப்பீர்கள்! ஆளுக்கு நாளைக்கு நான்கு விளம்பரம் என்றால் 20,000 விளம்பரம். ஆயிரம் விளம்பரத்துக்கு 40 ரூபாய் கிடைத்தால் நாளைக்கு 800 ரூபாய், மாதம் 24,000. நான்கு பேருக்கு ஆளுக்கு 25,000 சம்பளம் என்றாலே ஒரு லட்சம் வேண்டும். வாடகை, கம்ப்யூட்டர், சர்வர் செலவு தனி. மாதம் முக்கால் லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போகிறது. இதில் நீங்கள் போடும் மூன்று லட்சம் நான்கு மாதம் கூடத் தாங்காது. சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர் எத்தனை பேர், வாங்குகிறவர் எத்தனை பேர் என்று சோலக்காட்டுக் கடைக்காரரைக் கேளுங்கள். டவுன்லோடு என்பது தட்டிப் பார்ப்பதுதான்.

விளையாட்டுக்குள் காசு கொடுத்து ஏதாவது வாங்க வைத்தால்? அதிலும் கூகுள் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 2021 ஜூலை முதல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரையிலான வருமானத்தில் 15 சதவீதம் என்று வைத்தார்கள். அதற்கு மேல் போனால் அப்போது 30. புது ஆட்களைப் பிடிக்க விளம்பரம் கொடுக்க வேண்டும், அந்தக் காசும் பெரிய கம்பெனிகளுக்கே போகிறது. ஒரு ஆளைப் பிடிக்க ஆகும் செலவு, அவர் வாழ்நாளில் தரும் வருமானத்தை விடக் கூடுதல் என்றால், ஆட்கள் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

நல்ல உதாரணமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் சென்னையில் உள்ள நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா தயாரித்தது. கோடிக்கணக்கான டவுன்லோடு. 2018 வாக்கில் மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ் அதில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அவ்வளவு பேர் ஆடும் கிரிக்கெட்டை வைத்திருந்தும், 2021இல் நசாரா பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் பெரிய வருமானங்களில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? கிடோபியா என்ற குழந்தைகள் செயலியிலிருந்து. அமெரிக்கப் பெற்றோர்கள் சந்தா கட்டியதால். ஆடும் கூட்டம் ஓரிடம், காசு கொடுக்கும் கூட்டம் வேறிடம். பிறகு ஐபோனில் ஆட்களைப் பின்தொடரும் விளம்பரத்துக்கு ஆப்பிள் கட்டுப்பாடு கொண்டுவந்ததும், கிடோபியாவுக்குப் புதுச் சந்தாதாரரைப் பிடிக்கும் செலவு ஏறிவிட்டது. யாரோ எங்கோ மாற்றிய ஒரு விதி!

அந்தப் பங்கு வெளியீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு பங்கு 1,101 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். முதல் நாளே 1,900க்கு மேல் தொடங்கியது. மக்கள் போட்ட சுமார் 583 கோடியும் கம்பெனிக்குள் போகவில்லை; பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்ற பணம் அது. இதில் தப்பு ஏதும் இல்லை, விவரக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் நீங்கள் போடும் காசு தொழிலுக்குப் போகிறதா, யாரோ வெளியேறுவதற்குப் போகிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

ரம்மி, போக்கர் போலக் காசு வைத்து ஆடும் கேம் என்றால் நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். நம் மாநிலம் 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நசாரா ஒரு போக்கர் கம்பெனியில் நூற்றுக்கணக்கான கோடி போட்டிருந்தது. பெரிய ஆடிட்டர், பெரிய வக்கீல் வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை.

'ஆங்கிரி பேர்ட்ஸ் மாதிரி ஒன்று அடித்தால் போதும் மாமா' என்று என் மைத்துனர் மகன் சொல்கிறான். பின்லாந்தின் ரோவியோ கம்பெனி அதற்கு முன் ஐம்பதுக்கு மேல் விளையாட்டுகள் செய்து, மூடும் நிலைக்கு வந்த பிறகு 2009இல் வந்தது அந்தப் பறவை. 2017இல் ஒரு பங்கு 11.50 யூரோவுக்கு மக்களுக்கு விற்றார்கள். 2023இல் சேகா கம்பெனி முழுவதையும் வாங்கியபோது கொடுத்தது 9.25 யூரோ. உலகமே ஆடிய விளையாட்டு! மிளகுக்கொடி மூன்று நான்கு வருடம் காய்க்காவிட்டாலும் அப்புறம் வருடா வருடம் காய்க்கும். இந்தத் தொழிலில் ஒரு கேம் காய்த்தால் அடுத்ததும் காய்க்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடம், பிரைவேட் லிமிடெட் பங்கை நினைத்த நேரத்தில் சந்தையில் விற்க முடியாது. மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்றால் வாங்க ஆள் கிடைக்காது. நகை மட்டும் வட்டி ஏறிக்கொண்டு அடகுக் கடையில் இருக்கும்.

பையன்களிடம் நான் கேட்கச் சொன்னது இதுதான். முப்பது நாளுக்குப் பிறகும் எத்தனை பேர் ஆடுகிறார்கள்? மாதம் எவ்வளவு செலவு, வங்கியில் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை மாதத்துக்கு வரும்? கம்பெனிக்குக் கடன் உண்டா? கேட்டால் கோபிக்கிறவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். பதிவான கம்பெனி என்றால் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி, அவர்கள் தாக்கல் செய்த வரவு செலவுக் கணக்கை யாரும் பார்க்கலாம். செம்மேட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடையில் உதவி கேளுங்கள்.

மகன் ஆசைப்படுகிறான், வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்றால், போனாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும் அவனுக்கே கொடுங்கள், பங்கு வேண்டாம். இரண்டு வருடம் அவன் கற்கும் வேலைக்கு வெளியில் சம்பளம் கிடைக்கும். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை உண்டு.

இறக்கிய தாள்களைப் படிக்கத் தெரியாவிட்டால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சனி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.