பிள்ளையைப் பற்றித் தந்தையிடமும் கேளுங்கள்

பல ஆண்டுகளுக்கு முன்னர், அடைமழைச் சேதங்கள் பற்றிச் செய்தி சேகரிப்பதற்காக வட்டவளைக்குச் சென்றிருந்தேன். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் அதுவும் ஒன்று. லயத்து வாசலில் கான் வெட்டும் தொழிலாளி ஒருவருடன் உரையாடிக்கொண்டிருந்தேன். முந்திய வாரம் அவருக்குக் குழந்தை இறந்து பிறந்ததாக அயலவர் ஒருவர் கூறினார்.

எல்லோரையும் போலவே நானும் அவருடைய மனைவியின் உடல்நிலையை விசாரித்தேன். “பரவாயில்லைங்க” என்றார். மேலே என்ன பேசுவதென்று தெரியாமல், “பிள்ளை ஆணா, பெண்ணா?” என்றேன்.

“பொம்பளப் பிள்ளைங்க ஐயா. தலை நெறைய முடி” என்றவர், சட்டென எழுந்து மழைக்குள் இறங்கி நடந்துவிட்டார்.

மீதியை அயலவரே சொன்னார். துணியில் சுற்றிய உடலை மருத்துவமனையில் தந்தையிடம்தான் கொடுத்தார்களாம். தாய்க்குக் காட்டவில்லை. கான் வெட்டும் மண்வெட்டியாலேயே குழி தோண்டினாராம். மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் நின்றாராம். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை.

பத்து மாதம் சுமந்தவளின் வேதனையுடன் எதையும் ஒப்பிட நான் முனையவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த ஒரே உறவு அந்தத் தந்தைதான். அவளுக்கு முன்னால் அழக்கூடாது, அதைப்பற்றிப் பேசவும் கூடாது என்று அவருக்குத்தான் நாம் கட்டளையிடுகிறோம். ஆணுக்கு அழுவதற்குத் தவறணையைத் தவிர வேறு இடம் வைக்காமல், பின்னர் குடிகாரன் என்று அவனையே ஏசுகிறோம்.

சட்டமும் அவரைக் கண்டுகொள்வதில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், குழந்தை உயிருடன் பிறந்தால் தாய்க்கு 84 நாட்களும், இறந்து பிறந்தால் 42 நாட்களும் விடுமுறை வழங்குகிறது. தந்தையைப் பற்றி அதில் பேச்சில்லை. பிரித்தானியாவிலோ, 24 வாரங்களுக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தால், பணிபுரியும் தாய் தந்தை இருவருக்கும் இரண்டு வார துயர் விடுமுறை 2020 ஏப்ரல் முதல் உரிமையாகியுள்ளது.

2022 ஏப்ரலில் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் இரட்டைக் குழந்தைகளுள் ஆண் குழந்தை பிறப்பின்போதே இறந்தது. மறுநாள் லிவர்பூல் மைதானத்தில், அவர் வராத ஆட்டத்தின் ஏழாவது நிமிடத்தில், எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்று கரவொலி எழுப்பினர். அவருடைய சீருடை இலக்கம் ஏழு. ஒரு தந்தையின் இழப்பை ஊரறிய ஏற்றுக்கொள்ள ஒரு நிமிடமே போதுமாயிருந்தது.

நமது தோட்டங்களில் அதற்கு மைதானம் தேவையில்லை. தொழிற்சங்கங்கள் தந்தைக்கும் சில நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைக் கோரட்டும். மருத்துவமனைகள் தாயும் தந்தையும் சேர்ந்து பிள்ளையைப் பார்க்க இடமளிக்கட்டும். நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. மனைவியின் நலத்தை விசாரித்த பின், பிள்ளையைப் பற்றியும் அவரிடம் கேட்போம். அவர் மழைக்குள் இறங்கிப் போகலாம். அன்று நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டும்.