வீடு கட்டும் முன் ஒரு வார்த்தை



செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை புது வீடுகள் எழும்புகின்றன. உங்களில் சிலரும் கட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. குளியலறைத் தண்ணீருக்கும் கழிவறைத் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். இத்தனை பாடுபட்டு உப்பைப் பிரிக்கிறோம். வீட்டிலோ குளித்த தண்ணீரை மலத்தோடு கலந்து வீணாக்குகிறோம்.

கணக்குப் பாருங்கள். நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். நான்கு பேருக்கு 540 லிட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது 432 லிட்டர், கழிவாக வெளியேறுகிறது. கழிவறைக்கு ஆளுக்கு 45 வீதம் 180 லிட்டர் போனாலும் மீதி சுமார் 250 லிட்டர். தினமும் தோட்டத்துக்கு அது போதும்.

கடற்கரைப் பக்கம் இது இன்னும் முக்கியம். அங்கே மணலுக்குள் மழைநீர்தான் உப்புநீர் மேல் மிதக்கிறது. போர்வெல்லில் அதிகம் இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். பிறகு திரும்ப நல்ல தண்ணீராக வெகுகாலம் ஆகும்.

செய்முறை எளிது. குளியல், துணி துவைக்கும் தண்ணீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டியில் விட்டு, மேலே கல்வாழை நடுங்கள். வடிந்து வருவதைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சுங்கள். குடிக்கவோ, பச்சையாகத் தின்னும் கீரைக்கோ வேண்டாம். நாற்றம், கொசு என்பீர்கள். தேங்கினால்தான் இரண்டும் வரும். தண்ணீர் ஜல்லிக்குக் கீழேயே ஓடட்டும், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

செப்டிக் டேங்க் லாரியை அழைத்தால், எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். நம் மாவட்டத்தின் கருங்குழியில் 2017 முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஏரியில் கொட்டினால் அது நம் கிணற்றுக்கே திரும்பும்.

சுவர் எழும் முன் ஒரு குழாய் கூடுதலாகப் போடுவது சின்னச் செலவு. டைல்ஸ் ஒட்டியபின் உடைப்பது பெருஞ்செலவு. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று அது சாதாரணம். இதுவும் அப்படி ஆகட்டும்.

பொறியாளர்களாக இருக்கும் என் மாணவர்களே, வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் வரைபடத்தில் இரண்டு கோடு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்