டாலிகஞ்ச்: மதிலுக்குள்ளே மரங்கள்

டாலிகஞ்சில் மரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசபிராண் சாஸ்மல் சாலையில் நடந்தால் நீண்ட மதிலும், அதற்கு மேலே தலைநீட்டும் பெரிய மரங்களும் கண்ணில் படும். டாலிகஞ்ச் கிளப்பின் நிலம் அது. சுமார் 100 ஏக்கர். சற்றுத் தள்ளி, 1829-ல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ப் கிளப்பின் புல்வெளி. இரண்டும் உறுப்பினர்களுக்கே.

இந்த நிலத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின், அங்கே காவலிலிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கும்பினியார் கல்கத்தாவுக்கு அனுப்பினர். டாலிகஞ்சில் அக்குடும்பத்தார் வசம் வந்த நிலத்தில்தான் 1895-ல் கிளப் எழுந்தது.

சரி, ஒண்டுக் குடித்தனத்தில் இருப்பவன் காற்று வாங்க எங்கே போவது? ரவீந்திர சரோவர் ஏரிக்குத்தான். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி அது. மொத்தம் 192 ஏக்கர். அதில் நீர்ப்பரப்பு 73. ஆனால் கரையோரத்தில் படகு கிளப்புகளும் நீச்சல் கிளப்புகளும் இடம் பிடித்திருக்கின்றன. தெற்கே பஜ்பஜ் ரயில் பாதை. லைனுக்கு அப்பால் குடியிருப்பவர்கள் சுற்றிக்கொண்டு வரவேண்டும், சிலர் சுற்றுவதில்லை. ரயில்வேயில் வேலை பார்ப்பவன் அதைச் சரி என்று எழுத முடியாது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏரியில் சட் பூஜையைத் தடை செய்தது. 2019-ல் பூஜைக்கு வந்தவர்கள் கேட்டின் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் விலக்கு அளிக்க மறுத்தது. நீரும் மீனும் கெடக்கூடாது என்பதில் தீர்ப்பு நியாயமே. ஆயினும் பூட்டுக்கு வெளியே நின்றவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலப் பிழைக்க வந்த ஜனங்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

சென்னையில் 2024-ல் கிண்டி ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து, 118 ஏக்கரைப் பூங்காவுக்கென ஒதுக்கியது தமிழக அரசு. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. அது அரசு நிலம். இங்கே கதை வேறு. கிளப்பைப் பிடுங்கு என்பது நம் கோரிக்கையல்ல.

தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி கூறியது. கணக்கில் கிளப் புல்வெளியையும் சேர்த்தால் காகிதத்தில் நாம் செல்வந்தர்கள்! வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் திறந்த கேட் உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மேஜர் டாலி 1770-களில் வெட்டிச் சீராக்கிய கால்வாயை எடுத்துக்கொள்வோம். 2009-ல் கரியா பக்கம் நீண்ட மெட்ரோவின் தூண்கள் அதற்குள்தான் நிற்கின்றன. கரையில் இடமிருக்கும் வரை நடைபாதையும் நிழல் மரமும் அமைக்கலாம். குடிசைகளைத் துரத்திவிட்டுப் பூச்செடி வைப்பதானால் வேண்டவே வேண்டாம்.

செலவே இல்லாத காரியமும் ஒன்றுண்டு. என் வீட்டருகே ஒரு சிறு பூங்கா; ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும் இருக்கின்றன. ஆபீஸ் விட்டு நான் திரும்பும்போது பூட்டியாகிவிடும். இரவு ஒன்பது வரை திறந்து வைக்க ஒரு காவலாளும் ஒரு விளக்கும் போதாதா? (செலவே இல்லை என்றது கொஞ்சம் மிகைதான்.) வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுக்க நம்மவர்கள் தயங்குகிறார்கள், வங்காளியில் எழுதத் தெரியாதே என்கிறார்கள். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் இந்த ஊரில்தானே இருக்கின்றன? இங்கிலீஷில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள்.