நிதி திரட்டும் படங்களில் யார் முகம்?



நம் தமிழ்ப்பள்ளிகளில் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. நெடுநடை, உணவுச் சந்தை, விருந்து என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அவற்றின் முடிவில் எடுக்கப்படும் படத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். ஆளுயர மாதிரிக் காசோலை. அதன் ஒரு முனையில் பிரமுகர் புன்னகைக்கிறார். மறுமுனையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை தரையைப் பார்த்து நிற்கிறது. அந்தப் பிள்ளையை அப்படத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சென்ற ஆண்டு இறுதியில் தானா ராத்தாவில் ஒரு நிகழ்ச்சியைப் படம் பிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தோட்டக் குடும்பம் ஒன்றின் பிள்ளை சிகிச்சைக்காக மாதந்தோறும் மலையிறங்கி ஈப்போவுக்குப் போய்வர வேண்டியிருந்தது. வண்டிச் செலவும் பெற்றோர் இழக்கும் நாட்கூலியும் அக்குடும்பத்தை அழுத்தின. பெரியவர்கள் பன்னிருவர் காலை ஏழரை மணிக்குத் திடலில் அமர்ந்து தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொள்வது, ஒவ்வொரு வாளிக்கும் உற்றாரும் நண்பர்களும் பணம் தருவது என்று ஏற்பாடாயிற்று. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் அந்நேரத்துக் குழாய்நீரே பற்களைக் கிட்ட வைக்கும். பனிக்கட்டி வேறு எதற்கு? (நீர் வீணாகுமே என்று கவலைப்படுபவர்களுக்கு: நாற்காலிகள் காய்கறிப் பாத்தியின் ஓரத்தில்தான் போடப்பட்டன.)

திருமணங்களுக்குப் படம் எடுத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். நிகழ்ச்சிக்கு முன் இரண்டு காலைப்பொழுதுகள் அவரிடம் பாடம் கேட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயிற்றுத்துணைப் பொருள்கள் பற்றி நாங்கள் படித்ததைவிட அவ்விரு நாள்களில் நான் கற்றது அதிகம்.

முதற்பாடம் மூடுபனியைப் பற்றியது. ஒளிப்படக் கருவியின் ஒளியளவி, தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடுகிறது. வெண்பனி நிறைந்த காட்சியைக் கண்டால் ஒளியைக் குறைத்துவிடும். அதனால் பனியும் பள்ளிச் சீருடையின் வெண்மையும் மங்கிப்போகும். நம் பிள்ளைகளின் மாநிற, கருநிற முகங்களோ கண்ணும் வாயும் தெரியாத நிழலாகிவிடும். திறன்பேசியில் இதைச் சரிசெய்வது எளிது. திரையில் தெரியும் முகத்தின் மீது விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான திறன்பேசிகளில் குவியமும் ஒளியளவும் அங்கேயே நிலைத்துவிடும். பிறகு ஒளியளவை ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். பள்ளி நிகழ்ச்சிப் படங்களில் பிள்ளைகளின் முகங்கள் கருத்துக் கிடப்பது நம் நிறத்தின் குறையன்று, கருவியின் கணக்கில் உள்ள குறை. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் அச்சைச் சரிபார்க்க 1950களிலிருந்து வழங்கிய ‘ஷெர்லி அட்டை’யில் பல்லாண்டுகள் வெள்ளைநிறப் பெண்ணின் முகமே இருந்தது என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது பாடம் நீரைப் பற்றியது. துளிகள் காற்றில் உறைந்து நிற்பதுபோல் தெரிய, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே கருவி திறந்து மூட வேண்டும். மூடுபனியில் அதற்குப் போதிய வெளிச்சம் இராது. படம் மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாகிவிடும். ஆகவே வெளிச்சம் நீருக்குப் பின்னாலிருந்து வரும்படி நாம் இடம்மாறி நிற்க வேண்டும். பின்னணி இருண்ட பச்சையாக இருந்தால் துளிகள் தாமே மின்னும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: “வாளியைப் பார்க்காதீங்க டீச்சர், முகத்தைப் பாருங்க. தண்ணி விழறதுக்கு முன்னாடிதான் படமே இருக்கு.” உண்மைதான். நீர் விழுந்த பிறகு எல்லார் முகமும் ஒன்றுபோலவே இருக்கிறது. விழுவதற்கு முந்திய அரை நொடியில்தான் ஒருவருடைய அச்சமும் வீம்பும் நகைச்சுவையும் தெரிகின்றன.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் ஏற்பாட்டாளர் ஒருவர், நோயுற்ற பிள்ளையை நடுவில் உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேச வைக்கலாம் என்றார். பிள்ளையின் முகத்தைக் காட்டினால்தான் பணம் வரும், தாயிடமும் சம்மதம் வாங்கிவிடலாம் என்பது அவருடைய வாதம். அவர் தீய எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. வாடிய முகம் ஒன்றைக் கண்டால் கை தாராளமாகிறது என்பதை ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சம்மதம் எப்படிப்பட்டது? உதவி கேட்டு நிற்கும் தாயிடம், உதவி செய்ய வந்தவரே சம்மதம் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? இன்னொன்றும் உண்டு. இது சிறிய ஊர். திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது எல்லாப் பெற்றோரின் புலனத்திலும் அதன் முகம் இருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது இருக்கும். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமில் நேப்பாம் தீயில் வெந்து ஓடிய ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் படம் உலகையே உலுக்கியது. ஆனால் வளரும் பருவத்தில் தாம் அப்படத்தை வெறுத்ததுண்டு என்று அவரே பின்னாளில் எழுதினார். அவ்வளவு பெரிய நோக்கம் கொண்ட படத்திற்கே இந்நிலை என்றால் நம் வண்டிச் செலவுக்கான படத்தைப் பற்றி என்ன சொல்வது?

நாங்கள் பின்பற்றிய பனிக்கட்டி வாளிச் சவாலையே எடுத்துக்கொள்வோம். 2014-ஆம் ஆண்டு அது உலகைச் சுற்றி வந்தபோது, ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் 11 கோடியே 50 இலட்சம் டாலர் சேர்ந்தது. 2016-இல் அந்நோயோடு தொடர்புடைய மரபணு ஒன்றைக் கண்டறிய அப்பணத்தின் ஒரு பகுதி உதவியது. அக்காணொளிகளில் பெரும்பாலானவற்றில் நாம் கண்டது நனைபவர்களின் முகங்களைத்தான். நோயாளிகளும் தோன்றினார்கள்; பேஸ்பால் ஆட்டக்காரர் பீட் ஃபிரேட்ஸ் அவர்களுள் முன்னணியில் நின்றார். ஆனால் அவர் வளர்ந்த மனிதர், தாமே முடிவெடுத்துத் தோன்றியவர். அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கோ, நிமோனியாவிலிருந்து தேறிய உடம்புக்கு நீர் ஒத்துக்கொள்ளாது என்று தம் பிள்ளைகளைத் தமக்காக நனைய வைத்தார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படித் தெரிவு செய்யும் உரிமையை யார் கொடுப்பது?

பெரியவர் என் பக்கம் நின்றார். பிள்ளை மேடைக்கு வரவில்லை, பெயரும் சொல்லப்படவில்லை. எத்தனை பயணங்கள், ஒரு பயணத்திற்கு எவ்வளவு செலவு என்ற கணக்கைத் தலைமையாசிரியர் ஒரு நிமிடத்தில் வாசித்தார். நான் பன்னிரண்டு முகங்களைப் படம் பிடித்தேன். தேவைப்பட்ட தொகை அன்றே சேர்ந்துவிடவில்லை. மேலும் மூன்று வாரங்கள் ஆயின. இருவர் இரண்டாம் முறையும் நனைய வேண்டியிருந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைக்க இருக்கிறேன். நிதி பெறும் பிள்ளையின் முகமோ பெயரோ எப்படத்திலும் இடம்பெறக் கூடாது. காசோலையின் மறுமுனையைச் சங்கத்தின் பொருளாளர் பிடித்துக்கொள்ளட்டும். பிரமுகர்கள் பிள்ளையோடுதான் நிற்பேன் என்றால் என்ன செய்வது என்று ஒரு பெற்றோர் இப்போதே கேட்டுவிட்டார். நிகழ்ச்சிக்கு அழைக்கும் கடிதத்திலேயே இதை எழுதி அனுப்பிவிடலாம் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.