புண்பட்டவனைப் பைத்தியம் என்பதா?



பால்மரம் வெட்டுகிறவன் கையைக் கத்தி கீறினால் மருந்து போடுகிறோம். அவன் மனம் கீறுண்டால் என்ன செய்கிறோம்? “தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்” என்று சொல்லிச் சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பு வெட்கக்கேடானது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

நம் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1942-43ல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சிலரைச் சம்பளம், அரிசி என்று ஆசை காட்டி அழைத்தார்கள். மசியாதவர்களை லாரியில் பிடித்துப் போட்டார்கள். காட்டிலே காலரா, மலேரியா, பட்டினி, பிரம்படி. பக்கத்தில் படுத்தவன் விடியும்போது பிணம். தப்பி ஓடவும் வழியில்லை.

உயிரோடு திரும்பியவர்கள் பாடு என்ன? தூங்காதவர், பேசாதவர், லாரிச் சத்தம் கேட்டால் நடுங்கியவர், கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர் என்று லயத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் குடிகாரன், கோழை, பேய் பிடித்தவன்! அதே பாதையில் வதைபட்டுப் பிரிட்டனுக்குத் திரும்பிய போர்க்கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பல பத்தாண்டுகள் பரிசோதித்தது. அவர்கள் மனக்காயத்தையும் ஆராய்ந்தது. அது நியாயமே. ஆனால், நம் லயத்துக்கு எந்த மனநல மருத்துவர் வந்தார் என்று கேட்கிறோம்.

செத்தவருக்கு இன்று நாடி பார்க்க முடியாது. ஆனால் இத்தகைய காயத்துக்கு இன்று பெயர் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992ல் இதை எடுத்துச் சொன்னார். உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இதுவும் ஒரு நோய். 2022 முதல் அப்பட்டியல் நடப்பில் உள்ளது. சிக்கலான பேரதிர்ச்சி நோய் எனலாம். தப்ப முடியாத கொடுமையை நெடுநாள் அனுபவித்தவருக்கு வருவது. சித்திரவதை, அடிமைத்தனம், ஓயாத வீட்டு அடி, குழந்தைப் பருவக் கொடுமை ஆகியவை காரணங்கள்.

அடையாளம் என்ன? நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றும். அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் மனம் ஒதுக்கும். எந்நேரமும் ஆபத்து வருவதுபோல் உடல் விறைத்திருக்கும். இவற்றோடு அடங்காத கோபம் அல்லது மரத்துப்போன மனம், “நான் எதற்கும் உதவாதவன்” என்ற எண்ணம், யாரோடும் ஒட்ட முடியாமை.

“அப்படியானால் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்கு வக்காலத்தா?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை! நோய் அடிப்பதற்குச் சாக்கு ஆகாது. பத்து வருடம் அடிவாங்கிய அந்த மனைவிக்கும், மூலையில் பதுங்கிய பிள்ளைக்கும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி அடைத்து வேலை வாங்கப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் இதே நோய் வரலாம். அவர்களுக்காகவும்தான் பேசுகிறோம்.

வைத்தியம் உண்டு. முதற்படி பாதுகாப்பு: அடி நிற்க வேண்டும், தூக்கம் வர வேண்டும், பயத்தையும் கோபத்தையும் ஆளப் பழக வேண்டும். அடுத்தது, தேர்ந்த மருத்துவர் துணையோடு நடந்ததை அளவறிந்து பேசி, அந்த நினைவின் விஷப்பல்லைப் பிடுங்குவது. பிறகு வேலை, குடும்பம், நட்பு என்று மனிதரோடு மீண்டும் சேருவது. மாத்திரை துணைக்கு உதவும். அதுவே முழு வைத்தியமல்ல. கோயிலில் கும்பிடுங்கள், தடுக்கவில்லை. மருத்துவரையும் பாருங்கள்!

அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கினால் பினாங்குப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். “பெரி ஏறிப் போய்வந்தால் அன்றைய சம்பளம் போச்சே” என்பீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவர் சான்றளித்தால் வேலைக்காலத்துக்குத் தக்கபடி ஆண்டுக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு நோய்விடுப்புத் தருகிறது. உடல்நோய்க்கு மட்டும்தான் என்று அது சொல்லவில்லை. மனநோய்ச் சீட்டைக் கண்டு முகம் சுளிக்கும் நிர்வாகத்திடம் இதைச் சொல்லுங்கள். தனியே போகத் தயங்கினால் கிளைச் செயலாளரை உடன் அழையுங்கள். அழைத்தும் வராத செயலாளர் எதற்கு?

சயாமுக்குப் போனவர்களைக் காப்பாற்ற அன்று யாருமில்லை. இன்று சங்கம் இருக்கிறது. கூலிக்குப் போராடத் தெரிந்த நமக்குக் காயம்பட்ட தோழனின் கையைப் பிடிக்கத் தெரியாதா?