நூலகத்தில் ஓர் எழுத்து மேசை

நம் கல்லூரிகளில் எழுதப்படும் அசைன்மென்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் போட்ட பார்டர், அழகாக எழுதிய பெயர், பதிவெண், பாடக் குறியீடு. உள்ளே, போன ஆண்டு சீனியரின் தாளிலிருந்தோ கைபேசியிலிருந்தோ பார்த்து எழுதிய ஆறு பக்கங்கள். கடைசியில் சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு சுருக்கொப்பம், தேதி. இன்டர்னல் மார்க் ஏறிவிடும். தான் சொந்தமாக எழுதிய ஒரு பத்தியையாவது இன்னொருவர் உட்கார்ந்து வாசித்துக் கேள்வி கேட்ட அனுபவம் இல்லாமலேயே ஒரு மாணவி இங்கே பட்டம் வாங்கிவிட முடியும். பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

ஆசிரியரைக் குற்றம் சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு வகுப்பில் அறுபது பேர். அப்படி மூன்று நான்கு வகுப்புகள். அரசுக் கல்லூரிகளின் பல துறைகளில் நிரந்தர ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் கௌரவ விரிவுரையாளர் நிற்கிறார். இருநூறு தாளையும் வரி விடாமல் படித்து, எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச எந்த ஆசிரியருக்கும் நேரம் போதாது. மாணவர் மேலும் பழியில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் கைடில் இருப்பதை அப்படியே எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று பழக்கியது நாம்தான்.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நாம் ஒன்றை வலியுறுத்துகிறோம். ஒவ்வொரு அரசு, அரசு உதவிபெறும் கல்லூரியின் நூலகத்திலும் ஓர் எழுத்து மேசை வேண்டும். அதில் உட்கார்ந்து சக மாணவர்களின் எழுத்தை வாசித்துப் பேச, பயிற்சி பெற்ற மாணவர்கள் வேண்டும். அந்த மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. நம்முடையதைப் போலவே ஒரு நெருக்கடி வந்தபோது நியூயார்க்கில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1969 ஏப்ரலில் அந்நகரின் சிட்டி கல்லூரி வளாகத்தைக் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் கைப்பற்றினார்கள். நகரப் பள்ளிகளில் தங்கள் சமூகத்துப் பிள்ளைகள் இவ்வளவு பேர் படிக்கும்போது கல்லூரியில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்பது அவர்கள் கேள்வி. 1970-ல் அக்கல்லூரியை உள்ளடக்கிய நகரப் பல்கலைக்கழகம் கதவைத் திறந்தது. நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் அதன் கல்லூரிகளில் ஓர் இடம் உண்டு என்று அறிவித்தது. அந்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

அவர்கள் எழுதிய தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் திகைத்தார்கள். தரம் போயிற்று என்று பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்தது. சிட்டி கல்லூரியில் அந்த மாணவர்களுக்கு எழுதக் கற்பித்துக்கொண்டிருந்த மினா ஷாக்னஸி மட்டும் வேறொன்று செய்தார். 1970 முதல் 1974 வரை நுழைவின்போது மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்துவைத்துப் படித்தார். 1977-ல் அதை நூலாக்கினார். ஒவ்வொரு பிழைக்கும் எழுதியவர் மனதில் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பிழையைச் சுழிப்பதால் ஒன்றும் ஆகாது என்பதே அவர் அதில் நிறுவியது.

இதை நம் ஊர் உதாரணத்தில் சொல்லலாம். 'தாவரங்களானது உணவைத் தயாரிக்கிறது' என்று ஒரு மாணவர் எழுதுகிறார். ஒருமை, பன்மைப் பிழை என்று ஆசிரியர் வட்டம் போடுவார். அந்த மாணவரை உட்காரவைத்து, 'ஆனது' ஏன் போட்டாய் என்று கேளுங்கள். புத்தகம் அப்படித்தான் பேசும், அது இல்லாவிட்டால் எழுத்து எழுத்தாகவே இருக்காது என்று அவர் நம்புவது தெரியவரும். டீக்கடையில் அதே விஷயத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடிய பிள்ளை, பேனாவை எடுத்ததும் தன் பேச்சு எதற்கும் உதவாது என்று முடிவுசெய்துவிடுகிறது. இதுதான் நோய். சிவப்பு வட்டம் இதைத் தொடுவதே இல்லை.

அதே பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியில் முதலாண்டு ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பாக இருந்த கென்னத் புரஃபி இன்னொரு சங்கதியைக் கவனித்தார். கல்லூரி சார்பில் உதவிக்கு ஆட்களை அமர்த்தியும் மாணவர்கள் அவர்களிடம் போகவில்லை. போனால் அங்கேயும் ஒரு வகுப்பறைதான்: தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். அதனால் அந்த வேலையை மாணவர்களிடமே கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அவர்களுக்கென்று ஒரு பாடம் நடத்தினார். அதில் இலக்கண விதிகளைவிட முக்கியமானது, அவர்களும் கட்டுரை எழுதுவது. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பது. ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது, கட்டுரைக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று எழுதிக் காட்டுவது. நன்றாக இருக்கிறது, இல்லை என்ற தீர்ப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பழக்கம் உள்ள ஒருவர் உங்கள் தாளை வாசித்துவிட்டு, 'மூணாவது பத்தி எதுக்கு இங்க வந்துச்சுன்னு எனக்குப் புரியல' என்று சொன்னால் அது பத்து சிவப்பு வட்டங்களுக்குச் சமம். இன்று அமெரிக்காவில் இப்படியொரு எழுத்து மையம் இல்லாத கல்லூரியைப் பார்ப்பது அரிது. பல இடங்களில் அங்கே உட்கார்ந்து உதவுவது இளங்கலை மாணவர்களே.

நியூயார்க்கின் கதையில் கசப்பான பகுதியும் உண்டு. 1847-ல் தொடங்கி 129 ஆண்டுகள் இலவசமாக இருந்த கல்விக்கு 1976-ல் நகர நிதி நெருக்கடியைக் காட்டிக் கட்டணம் வந்தது. எல்லாரையும் சேர்த்ததால்தான் தரம் கெட்டது என்ற வாதம் ஓயவே இல்லை. 1999-ல் பின்தங்கிய மாணவர்களுக்கான அடிப்படைப் பாடங்களை நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து விலக்குவது என்று முடிவானது. கதவைத் திறந்துவிட்டு உள்ளே வந்தவர்களுக்குத் துணை செய்யாமல் விட்டால், அதையே சாக்காக வைத்துக் கதவை மூடச் சொல்ல ஆட்கள் காத்திருப்பார்கள்.

தமிழ்நாடு கதவைத் திறந்த மாநிலம். 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், இங்கே 47. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. மனதார வரவேற்க வேண்டியது இது. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பணம் உதவும். நூலகத்தில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு முதல் வரி வராமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது உதவாது. அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஓர் ஆளை உட்காரவைக்க வேண்டும்.

இந்த முறையின் வேர்களில் ஒன்று நம் மண்ணிலும் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை. 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் மணலைப் பரப்பினார். சிறுவர்களுக்குச் சிறுவர்களையே ஆசிரியர்களாக்கினார். ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது.

பெருமைப்படலாம். எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். அங்கே அந்த முறை பரவியதற்கு முக்கியக் காரணம் அது மலிவு என்பது: ஒரே ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடலாம். எழுத்து மேசையையும் அப்படி நினைக்கும் அதிகாரிகள் இங்கே இருக்கக்கூடும். ஆசிரியர் காலியிடத்தை நிரப்பாமல் விட மாணவர்களைக் காட்டினால் அதை நாம் எதிர்ப்போம். இந்த மேசையால் நல்ல ஆசிரியரின் வேலை கூடத்தான் செய்யும். படிக்கத் தகுந்த தாள்கள் அவர் கைக்கு வரும்.

இன்னோர் எச்சரிக்கை சட்டாம்பிள்ளை என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சட்டாம்பிள்ளைத்தனம் என்றால் இன்று என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். சக மாணவன் கையில் பிரம்பைக் கொடுத்ததால் வந்த பொருள் அது. அமெரிக்காவிலும் இந்தக் கவலை எழுந்தது. சமமானவராகவும் கற்பிப்பவராகவும் ஒரே ஆள் எப்படி இருக்க முடியும் என்று எழுத்துக் கல்வி ஆய்வாளர் ஜான் டிரிம்பர் 1987-ல் ஒரு கட்டுரையில் கேட்டார். நியாயமான கேள்விதான். அரைகுறையாகத் தெரிந்தவர் அரைகுறையாகத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று நம் பேராசிரியர்களும் கேட்பார்கள். பதில் மேசையின் ஒழுங்கில் இருக்கிறது. பேனா எழுதியவர் கையிலேயே இருக்க வேண்டும். உதவ வந்தவர் தாளில் ஒரு சுழிகூடப் போடக் கூடாது. எழுதியவர் தன் கட்டுரையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். எங்கே புரியவில்லையோ அங்கே நிறுத்த வேண்டும். மதிப்பெண் பேச்சே கூடாது. யார் வந்தார், என்ன பேசினார் என்பது துறைத் தலைவருக்குப் போகக் கூடாது. இந்த வேலைக்கு மொழிப் பாடத்தில் முதலிடம் வாங்கியவர்தான் வேண்டும் என்றில்லை. முதலாண்டில் திணறி, மூன்றாம் ஆண்டில் எழுதத் தெரிந்துகொண்ட தமிழ்வழி மாணவர் பல சமயம் இன்னும் பொருத்தமாக இருப்பார்.

மேசை இரண்டு மொழியிலும் இயங்க வேண்டும். ஆங்கிலவழிப் பாடமானாலும் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. பொருளாதாரத்தையும் வேதியியலையும் தமிழில் வாதமாக எழுதுவது எப்படி என்று எங்கே கற்றுக்கொள்வது? தமிழ்த் துறை இலக்கியம் நடத்துகிறது. வேதியியல் துறை வேதியியல் நடத்துகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்த வேலை இன்றைக்கு யாருடையதும் இல்லை.

எல்லாவற்றையும் இயந்திரமே எழுதித் தருகிறதே, இனி எதற்கு இது என்பவர்கள் உண்டு. பிழையில்லாத ஆறு பக்கம் இன்று யாருக்கும் நொடியில் கிடைக்கும், உண்மைதான். முன்பு சீனியரின் தாள் செய்த வேலையை இப்போது அது செய்கிறது. அந்த ஆறு பக்கத்தைக் கொண்டுவரும் மாணவரிடம், 'இதுல நீ சொல்ல வந்தது எது?' என்று எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்டால், கேட்டவர் முகத்தைப் பார்த்து அவர் பதில் சொல்லியாக வேண்டும். முன்பைவிட இப்போதுதான் அந்தக் கேள்வி அதிகம் தேவைப்படுகிறது.

கடைசியாகச் சம்பளம். இதைச் சேவையாக்கி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. நம் அரசுக் கல்லூரி மாணவர்கள் முகூர்த்த நாளில் கேட்டரிங் போகிறார்கள். மாலையில் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். இரவில் உணவுப் பொட்டலம் சுமக்கிறார்கள். இலவச வேலைக்கு அவர்களால் வர முடியாது. வீட்டில் வசதி உள்ளவர் மட்டுமே வருவார். பிறகு மேசையின் இந்தப் பக்கம் ஒரு வர்க்கமும் அந்தப் பக்கம் ஒரு வர்க்கமும் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் 1964 முதலே மாணவர்களின் வளாக வேலைக்கு மத்திய அரசு நிதி தருகிறது. எழுத்து மையங்களில் வேலை பார்க்கும் பலருக்கு அதிலிருந்துதான் ஊதியம். இங்கே ஒரு கல்லூரிக்குப் பத்து மாணவர், வாரம் ஆறு மணி நேரம், மணிக்கு 150 ரூபாய், ஆண்டுக்கு முப்பது வாரம் என்று கணக்குப் போட்டால் 2,70,000 ரூபாய் ஆகிறது. பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியருக்கு வகுப்பு நேரத்தில் சில மணி குறைத்துக் கொடுக்க வேண்டும். இதற்குத் தனிச் செயலி வேண்டாம், தொடக்க விழா வேண்டாம், எல்லாக் கல்லூரியிலும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, வரும் கல்வியாண்டில் தொடங்குங்கள். முதல் பருவத்தில் பயிற்சி, இரண்டாம் பருவத்தில் மேசை. நூலகத்தில் இடம் தேட வேண்டியதில்லை. செய்தித்தாள் அடுக்கும் நீள மேசையில் ஒரு முனை போதும். மாலை கடைசிப் பேருந்துக்கு முன்பு இரண்டு மணி நேரமாவது அங்கே ஆள் இருக்க வேண்டும்.